ஐந்தாவது இடம்

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர்,
ஒரு போட்டோகொப்பி மெஷின்,
ஈரத்தில் சுருண்டுபோகும் ஒரு கட்டுத் தாள்.
இதுதான் என் கொமியூனிகேஷன்.

கொழும்புக்குப் போனபோது
கைரேகை வாசிப்பான் ஒன்று வாங்கிவந்தேன்.
தீப்பெட்டி அளவு.
பிரவுசரில் அதற்கென்று ஒரு நீட்சியைப் போட்டால்
பாஸ்வேர்ட் கேட்ட பக்கமெல்லாம்
விரலைக் கேட்கும்.
ஆளுக்கொரு அறை, அவரவர் விரலே சாவி.
மொத்தம் ஐந்து விரலுக்கு இடம்.
இலவசத்தில் அவ்வளவுதான்.

மூன்று என்னுடையவை.
மழைக் குளிரில் ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று.
மற்ற இரண்டும் பங்காளி டெரன்ஸுடையவை.
அவன் கட்டாருக்குப் போய் ஏழு மாதம்,
கடைசியாகப் பேசி நாலு.

கைநாட்டு என்றால் எங்கள் பக்கம் வசை.
சம்பளத்துக்குக் கட்டைவிரலை மையில் அமுக்கியவர்களின் பிள்ளைகள்
அந்தச் சொல்லிலிருந்து தப்பத்தான் படித்தோம்.
உயர்தரம் பாஸான நான்
தினமும் காலையில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு
பச்சை விளக்குக்காகக் காத்திருக்கிறேன்.
யாரிடமும் சொல்வதில்லை.

சனிக்கிழமை சந்தனமேரி வந்தாள்,
இடுப்பில் படங்கு கழற்றாமல்.
“வெரல வச்சா தொறக்குமாமே, தம்பி?”

ஜோர்தான் கார்மெண்டில் இருக்கும் மகள்
எழுதுவதும் காசு விவரமும் ஈமெயிலில் வரும்.
பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தவர் புருஷன் சவரிமுத்து:
மகள் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று.
“புதுசா ஒண்ணு மாத்தித் தாறேன் அக்கா.
மனசுல மட்டும் வச்சுக்குங்க.”
“கேட்டா சொல்லிருவேன் தம்பி.”
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
“வெரலுக்கு வாய் இல்லல்ல.”

நீட்சி தானாகவே ஒரு பாஸ்வேர்ட் செய்தது,
நாற்பது எழுத்தில்.
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
டெரன்ஸின் ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது.
நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது.
ஆம் என்பதைத் தட்ட எனக்கு
ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் பிடித்தது.

வலது கட்டைவிரல்: சிவப்பு.
ஆள்காட்டி: சிவப்பு.
கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகளில்
எது ரேகை, எது வெட்டு என்று
மெஷினுக்கு விளங்கவில்லை.
துவாயால் துடைத்தோம்.
சூடான கிளாஸைப் பிடிக்கச் சொன்னேன்.
இடது கையிலும் அதே கதை, நாலு தடவை.
கடைசியில் இடது சுண்டுவிரல்.
பச்சை.

“இதுக்கு நான் வேலையே குடுத்ததில்ல,”
என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.
தாமதமாகப் போனதால்
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கும்.

புதன்கிழமை சவரிமுத்து வந்தார்.
“நம்ம வீட்டுக் கணக்கு. பாஸ்வேர்ட் என்னா?”
“தெரியாது.”
நான் சொன்ன மிகச் சுத்தமான உண்மைகளில் ஒன்று.
அவர் தன் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தார். சிவப்பு.
பிறகு மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக,
யாரோ கணக்குக் கேட்டதுபோல் பத்தும்.
“எந்த வெரல வச்சா அவ?”

போட்டோகொப்பி மெஷின் சூடேறும் சத்தத்துக்குள்
நான் தாள் அடுக்கினேன்.
அவர் படியிறங்கும் வரை அடுக்கினேன்.
அடுக்க எதுவும் இருக்கவில்லை.

அடுத்த சனி, நாலு மணி பஸ்ஸுக்கு முன்
படியில் செருப்புச் சத்தம்.
முகத்தைப் பார்க்கவில்லை நான்.
கைகளைப் பார்த்தேன்.
எண்ணினேன்.

பத்தும் இருந்தன.
“என்னா தம்பி அப்புடிப் பாக்குற?”
ஒன்றுமில்லை என்று
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.