நீர்வேலி இறக்கம்

தீப்பெட்டியளவுதான்.
பெல்ற்றிலை கொழுவி, முள்ளந்தண்டின் அடியிலை இறுக்கிவிட்டு
"பாரமாய் இருக்கோ ஐயா?" எண்டு கேட்டாள் அபிசாயினி.
அதே இடுப்பிலைதான், பிள்ளை,
முப்பத்தொரு வருசம் காசுப்பை தொங்கினது.
சில்லறை நிறைஞ்ச நாளிலை
ஒரு பக்கம் சரிஞ்சே வீட்டுக்குப் போவன்.
இந்தச் சென்சருக்குப் பாரமில்லை.
வாங்கிறதை வாங்கியிட்டு
மிச்சம் குடுக்காத சாமான் போலை.

ஆசுப்பத்திரி வீதி, மேல்மாடி.
ஏறி வரவே பதினெட்டுப் படி.
"அதையும் சேத்து எழுதுங்கோ" எண்டன்.
சிரிச்சாள். எழுதேல்லை.

நிலத்திலை மஞ்சள் ரேப், மூண்டு மீற்றருக்கு.
எழும்பி, நடந்து, திரும்பி, வந்து இருக்கவேணுமாம்.
பதினாலு செக்கன் எடுத்தனாம்,
அதிலை நாலு திரும்பினதுக்கு மட்டும்.
ஓடுற பஸ்ஸுக்குள்ளை
நான் ஒருநாளும் சும்மா திரும்பினதில்லை.
பின்வாசலிலை ஆரும் ரிக்கற் எடுக்காமல் நிக்கினமோ
எண்டு பாத்துத்தான் திரும்புவன்.
அதுக்கு நேரம் பிடிக்கும்.

பிறகு கதிரை.
கையை நெஞ்சிலை கட்டிக்கொண்டு ஐந்து தரம்.
முதல் மூண்டும் சுகம்.
நாலாவதிலை முழங்கால் கதைச்சது.
ஐந்தாவதிலை கதிரை என்னை விடேல்லை.
நிண்டு உழைச்ச மனுசன் நான்.
இருந்தால் எப்பிடி எழும்பிறதெண்டு
எனக்கு ஆர் பழக்கினது?

கடைசியாய் ஒரு பஞ்சுத் துண்டு.
அதிலை ஏறி, கண்ணை மூடி, ஒரு நிமிசம்.
மூடினன்.
காலுக்குக் கீழை நிலம் மெதுவாய் அசைஞ்சது.
விளங்கியிட்டுது, பஸ் வெளிக்கிட்டிட்டுது.
இருபாலைச் சந்தியிலை இடப்பக்கம் கொஞ்சம்,
கோப்பாயிலை பிறேக்,
புத்தூரிலை சனம் நெருக்கப் பின்னுக்கு ஒரு சாய்வு,
வல்லைவெளியிலை காத்துக் குறுக்கை அடிக்க
கம்பியை விட்டிட்டு
ரண்டு கையாலும் மிச்சக்காசு எண்ணினன்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
கண் திறந்து நிண்ட கோடு
பூனை இழுத்த நூல்பந்து.
மூடி நிண்டது ஒரு சின்ன முடிச்சு.
மற்ற எல்லாருக்கும் மறுவளமாய்த்தானாம் வாறது.
இன்னொருக்கால் நிக்கச் சொன்னாள். நிண்டன். அதே முடிச்சு.
பெட்டியிலை பிழையெண்டு வேறை பெட்டி கட்டினாள்.
வல்லைவெளியைப் பற்றி
நான் வாய் திறக்கேல்லை.

"போன வருசத்திலை எங்கையும் விழுந்தனிங்களோ?"
"இல்லை."

மாசி மாதம். கிணத்தடி. பாசி.
அரை மணித்தியாலம் வானத்தைப் பாத்துக்கொண்டு கிடந்தது,
வாளி உருண்டு போய் வாழையடியிலை நிண்டது,
மனுசி சந்தையாலை வரமுந்தி
சாரத்தை மாத்தினது.
பெட்டிக்கு அது தெரியாது.
அதுக்கு இண்டையிலையிருந்துதான் கணக்கு.

ஏழு நாள் கட்டியிருக்கவேணுமாம்,
குளிக்கேக்கை மட்டும் கழட்டலாம்.
எவ்வளவு நேரம் இருக்கிறன், எத்தினை தரம் எழும்பிறன்,
ராவிலை எத்தினை தரம் வெளியிலை போறன்,
எல்லாம் எழுதுமாம்.
எங்கடை காலத்திலை செக்கிங் இன்ஸ்பெக்டர்
நடுவழியிலை, பனங்கூடலுக்குள்ளையிருந்து வந்து ஏறுவார்.
இவர் இடுப்பிலையே ஏறியிட்டார்.

பின்னேரம் எழுநூற்றைம்பது. சரியான சனம்.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு எழும்பி
"இருங்கோ ஐயா" எண்டுது.
இருந்தால் நீர்வேலியிலை எழும்பவேணும்.
ஓடுற பஸ்ஸிலை, ஒரு கையிலை மருந்துப் பையோடை.
அது ஒரு எழும்பல். எழுதப்படும்.
அடுத்த கிழமை அபிசாயினி பாப்பாள்.

"வேண்டாம் பிள்ளை, கிட்டத்தான்."

கம்பியைப் பிடிச்சன்.
இருபாலை. இடப்பக்கம் கொஞ்சம்.
கோப்பாய் தாண்டேக்கை
கிணத்தடியைச் சொல்லியிருக்கலாமோ
எண்டு ஒரு யோசனை வந்தது.
வந்த நேரம் பார்த்து றைவர் பிறேக் அடிச்சான்,
முன்னுக்கு நிண்ட பொடியள் எல்லாம் சரிய
நான் அசையேல்லை.

பிறகு, கொண்டக்டர் பொடியன் கத்தமுந்தி,
என்ரை வாய் தன்பாட்டிலை சொல்லியிட்டுது.
பஸ்ஸே திரும்பிப் பாத்தது.
நீர்வேலி இறக்கம்.