கல்லில் மிச்சம்

ஜீப் பானட்டின் மேல் துண்டை விரித்து
இரண்டையும் வைத்தான் ஓசூரிலிருந்து வந்த விற்பனைப் பையன்.
ஒன்று நைட் விஷன், மற்றது தெர்மல்.
முதலாவது, இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுமாம்.
இரண்டாவதுக்கு வெளிச்சமே வேண்டாம், சூடு போதும்.
சொல்லிவிட்டுக் கழுத்தில் கொசு அடித்துக்கொண்டான்.

அஞ்செட்டி தாண்டி, தொட்டல்லா வளையும் இடம்.
அஞ்சாம் பிறை. ராகி அறுத்து முடியாத மார்கழி.
ரேஞ்சர் மேடம் சொன்னார்:
"பணம் ஒண்ணுக்குத்தான் வந்திருக்கு.
சிக்கமாதா, நீ பார்த்துச் சொல்லு.
இந்தக் காட்டுல ராத்திரி நடந்தவன் நீதான்."

நடந்தவன் என்றது மரியாதை.
சுட்டவன் என்றுதான் கோப்பில் இருக்கிறது.
நாட்டுத் துப்பாக்கியை உரிகத்தில் ஒப்படைத்து
ஆறு வருடம்.
அன்றைக்கு எனக்கிருந்த கருவி
நெற்றியில் கட்டிய நாலு கட்டை விளக்கு.
அதில் மான் தெரியாது, மானின் கண் தெரியும்.
இரண்டு கண்ணுக்கு நடுவில் சுட்டால்
மீதி மான் தானாக வந்து விழும்.

தெர்மலை முதலில் எடுத்தேன்.
காடு கறுத்து, உயிரெல்லாம் வெளுத்தது.
ஏமாந்தும் போனேன்:
பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள்
யானைக்கூட்டம் போலப் படுத்திருந்தன.
பிறகு கண் பழகிற்று.
முள்ளுக்குள் முயல், ஒரு சோற்றுப் பருக்கை அளவு.
சற்றுமுன் போன யானையின் சாணம்
தணியாத அடுப்பு மாதிரி.
மணலுக்கு அந்தப் பக்கம், குட்டைக் கரையில்,
நிமிர்ந்த ஒரு வெள்ளை.

பன்றி நிமிராது.

"என்ன தெரியுது?"
"இருங்க மேடம், இன்னொண்ணையும் பார்த்துடறேன்."

நைட் விஷனில் உலகம் பாசி பிடித்துக் கிடந்தது.
பொரிபொரியாய்க் கொதிக்கும் பச்சைக்குள்
புங்கமரம், இலை இலையாக.
அதனடியில் கல். கல்லின் மேல் ஆள்.
மடியில் நீளமாய் ஒன்று.
தெர்மலில் அது இருக்கவில்லை,
இரும்பு குளிர்ந்து காட்டோடு காடாகியிருந்தது.
இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த உட்காரல்.
காதோரம் பீடியைச் செருகும் கை.
என் சம்சாரத்தின் தம்பி, கெம்பராசு.
போன தையில் அந்த மடியில் வைத்துத்தான்
என் மகளுக்குக் காது குத்தினோம்.

இருமினேன்.
எனக்குச் சளி இல்லை.

மறுபடி பார்க்கையில் கல் மட்டும் இருந்தது.
ஆனால் தெர்மல் இப்போது மேடம் கையில்.
"அங்க ஏதோ மினுங்குதே?"

நடந்தோம். ஆளில்லை, தடமுமில்லை.
பகலிலும் வெயில் காணாத மரத்தடிக் கல் அது.
அதன்மேல் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு
ஒருவன் உட்கார்ந்த சூடு
கருவிக்குள் அணையாமல் இருந்தது.
"முட்டி வலிக்குது மேடம்" என்று
அதன்மேல் உட்கார்ந்தேன்.
வெதுவெதுப்பு வேட்டியில் ஏறியது.
நான் எழுந்தபோது
அந்தச் சூடு என் பெயரில் இருந்தது.

"சரி, எதை வாங்கலாம்?"
தெர்மல் என்றேன்.
அமாவாசையில் மற்றது குருடு என்றேன்.
சருகுப் புகை, புதர் மறைவு, யானை நிற்கும் மூங்கில் இருட்டு,
ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் உண்மை.
தெர்மலில் யாருக்கும் முகம் இல்லை.
அதுவும் உண்மைதான்,
அதை மட்டும் சொல்லவில்லை.

பையன் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ரசீது எழுதினான்.
நைட் விஷனைப் பெட்டியில் அடக்கும் முன்
ஆசைக்கு ஒரு தரம் கண்ணில் வைத்து
குட்டைக் கரையைப் பார்த்தான்.
அப்போதுதான் கவனித்தேன்.
கருவியிலிருந்து கசிந்த பச்சை
அவன் கன்னத்தில், அரும்பு மீசையில், மூக்கு மேட்டில்
தெளிவாகப் படிந்திருந்தது.

குட்டைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
இன்னார் என்று சொல்லிவிடலாம்.