ஆட்டுப் பாக்கி

ராட்டர்டாம் டிராம்களில் மறந்துவிட்டு இறங்குகிறார்கள்
குடையை, கையுறையை,
ஒருமுறை பல்செட்டை.
அதிகம் மறப்பது மூக்குக் கண்ணாடி.
ஓராண்டு வைத்திருந்து, கேட்பாரற்றதை
எறிந்துவிடு என்பது பணிமனை விதி.
நான் எறியவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கழுவி, பவர் அளந்து, சீட்டு ஒட்டி
ஆளுக்கொரு காலுறைக்குள் நுழைத்து அடுக்கினேன்.

"எந்த ஊருக்கு?" என்றார் அப்பா.
"சாவோ நிக்கொலாவ்."
டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.
இருபது வயதில் எண்ணெய்க் கப்பலில் தரை துடைக்கப் போனவர்.
அந்தத் தீவை நோக்கி அதன்பின்
தலைவைத்துப் படுக்காதவர்.

விமானம், இன்னொரு விமானம்,
மிண்டெலோவில் ஒரு படகு.
குடல் வெளியே வரும்வரை வாந்தியெடுத்தேன்.
வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவள்
என் கூந்தலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு
பேரம் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜுங்காலிஞ்ஞோ பள்ளியில் இரண்டு பெஞ்சு, ஒரு மேசை,
பெட்டி மூடியைப் பிடுங்கும் காற்று.
எழுத்துப் பலகை கொண்டுபோக மறந்திருந்தேன்,
மறப்பது எங்கள் டிராம் வழக்கம்.
ஒரு கைப்பிடி பயறைக் கொட்டி
கல் பொறுக்கச் சொன்னேன்.
கல் தெரிந்தால் கண்ணாடி சரி.

என் கிரியோலு அடுக்களைக் கிரியோலு.
சாப்பிடு, கதவைச் சாத்து, ஏன் இவ்வளவு லேட்,
இதற்குமேல் ஒன்றும் வராது.
"சாப்பிடு" என்று சொல்லித்தான்
கண்ணாடியை நீட்டினேன் ஒரு மேஸ்திரியிடம்.
வாயருகே கொண்டுபோய்க் காட்டினான்,
பெஞ்சே குலுங்கியது.

நா பிபிஞ்ஞா மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.
அதே வேகத்தில் திரும்பினாள்.
"வேண்டாம் மகளே, எடுத்துக்கோ.
இவ்வளவு அழுக்கிலா இருந்தேன்?"
சாயங்காலம் மறுபடி வந்தாள்
கையில் துடைப்பத்தோடு.

"இது இதுக்கு முன்னாடி என்னத்தைப் பார்த்துது?"
பையன் ஒருவன் கேட்டான்.
மழையை, என்றேன்.
மூன்று வருடமாக மழை காணாத பெஞ்சிலிருந்து
"அப்போ அதை எனக்குக் குடு" என்றது ஒரு குரல்.

இரண்டாம் நாள், உச்சிவெயிலில்,
ஆர்மிண்டோ.
தடித்த கறுப்பு ஃபிரேம்.
முதலில் தன் நகங்களைப் பார்த்தார்,
பிறகு கடலை,
பிறகு என் தாடையை, வெகுநேரம்.
"செஃபெரினோ மகளா நீ?"
தலையாட்டினேன்.
"உங்கப்பன் எனக்கு ஒரு ஆடு தரணும்."

போனில் அப்பாவைக் கூப்பிட்டேன்.
விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கத்தினார்:
"அரை ஆடுதான்! அது நொண்டி!"
ஆர்மிண்டோ போனைப் பிடுங்கினார்.
"உன்கிட்ட குடுக்கும்போது நொண்டலைடா!"
பெட்டியும் பயறும் பெஞ்சும் மறந்து
ஊர் முழுக்க அந்த ஆட்டைச் சுற்றி நின்றது.
கொடுத்தது யார், விற்றது யாருக்கு,
கப்பல் டிக்கெட்டுக்கு அது போதாமல்
கோழி இரண்டு சேர்ந்த கதை.
எனக்கு யாரும் சொல்லாத கதை.

பிறகு இரு பக்கமும் அமைதி.
அப்பா ஏதோ ஒரு சொல் சொன்னார்.
என் அடுக்களையில் இல்லாத சொல்.
ஆர்மிண்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் அழுக்கு இல்லை,
நான்தான் கழுவியிருந்தேன்.

பணத்தை நீட்டினேன்.
"இதை என்ன பண்ண, கறக்கவா?"

மறுநாள் ஃபஜாங்வரை போய்
விலை தெரியாமல் அதிகம் கொடுத்து
வெள்ளையும் பழுப்புமாய் ஒன்றை வாங்கி,
வேனில் அது என் காலுறைகளில் இரண்டைத் தின்றுவிட,
தெருமுனையில் இறக்கிக் கயிற்றைப் பிடித்து நடந்தேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
நாலு காலும் சரியாக ஊன்றுகிறதா என்று
ராட்டர்டாமில் தொலைந்த கண்ணாடிகளோடு
ஊரே குனிந்து பார்த்தது.