ராமபாணம்

சேப்பாக்கத்தில் கடற்காற்றுக்குக்
கதவு தட்டும் பழக்கம் கிடையாது.
நூலகத்தின் கீழ்த்தளம் முழுக்க உப்பு.

பலகையில் இந்த வாரச் செய்தி:
சனிக்கிழமை நான்கு மணிக்கே மூடப்படும்.
ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர் பழுது.
பூச்சி தின்ற புத்தகங்களின் கண்காட்சி, அனுமதி இலவசம்.

குறிப்பு அட்டைகள் எழுதியது நான்.
திறப்பு விழாவில் கத்தரித்த ரிப்பன்
இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.

மூன்றாம் பெட்டியில் துறைமுகத்தின் பழைய சரக்குக் கணக்கு.
நாற்பத்தோராம் பக்கம் நுழைந்து
நூற்றுப் பதினேழில் வெளியேறுகிறது ஒரு துளை.
ஏழு மரத்தை ஒரே அம்பு துளைத்ததாம்,
அந்த அம்பின் பெயர்தான் பூச்சிக்கும்.
வழியில் கிராம்பு, தேக்கு, இரண்டு பியானோ,
பர்மா அரிசி எண்ணூறு மூட்டை.
எதையும் மிச்சம் வைத்து ருசி பார்க்கவில்லை.

'ஆசிரியர்: தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன்.
பியூலா மேடம் சிவப்பு மையில் அடித்து
'சேதம்: கடுமை' என்றார்.
அதுவும் சரிதான்.

ஒரு எம்.ஏ. பையன்
கண்ணாடிமேல் இரு விரல் விரித்துத்
துளையைப் பெரிதாக்கப் பார்த்தான்,
பிறகு அவனே சிரித்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலை
அட்டையின் அடியில் ஒரு சிட்டிகை மாவு.
முந்தின மாலை நானே துடைத்த இடம்.
குனிந்து பார்த்தால்
'கடுமை'யின் முதல் எழுத்தைக் காணோம்.

உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.
கிண்டியிலிருந்து மருந்தடிக்க ஆள் வருவார்,
பெட்டியை பிளாஸ்டிக்கில் சுற்றுவார்.
நாளைக்குச் சொல்லலாம்.

பதிவேட்டில் இன்றைய பார்வையாளர்கள் பதினான்கு.
கொஞ்சம் யோசித்துப்
பதினைந்து என்று திருத்தினேன்.