பாதி பானெட்

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
அரை லிட்டர். நீல மூடி.
அடித்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதுமாம்,
தேய்க்க வேண்டாம், துடைக்க வேண்டாம்.
நிஜாமுதீன் சொல்லச் சொல்ல
கழுவ நிற்கும் அவன் பையனைப் பார்த்தேன்.
எதையும் தேய்க்காத, எதையும் துடைக்காத பையன்.
அவனுக்காகவே கண்டுபிடித்த மருந்து.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
திறக்கும்போது திறக்கும்.
மாட்டிக்கொண்டவர்களைக் கழுவியே
பிழைக்கிறது அவன் வாட்டர் வாஷ்.
அன்றைக்கு மாட்டியது நான்.

என் வண்டி கறுப்பு.
வாடகைக்குக் கறுப்பு ஆகாது என்று எல்லாரும் சொன்னதால்
நாற்பதாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள்.
கறுப்பு எதையும் மறைக்காது:
அறுவடை மிஷின் கிளப்பும் சுணை,
ரோட்டில் காயும் நெல்லை ஏறி வந்த உமி,
வடுவூர் ஏரிப் பக்கம் நிறுத்தினால் சைபீரியாவரை போய்வந்த எச்சம்,
முகூர்த்த நாளில்
கதவுதோறும் சந்தனக் கை.

ஒரு வாடகையில் எனக்கு மிஞ்சுவது முந்நூறு.
ஆறு வாடகையும் மேலே ஐம்பதும் ஒரு பாட்டில்.
மினுக்குக்காக ஆறு நாள் ஓட்டுவதா?
மினுங்காத வண்டியைக் கல்யாண வீட்டார் கூப்பிடுவார்களா?
இரண்டு கேள்வியும் பின் சீட்டில் ஏறிக்கொண்டன,
வாடகை பேசாமல்.

"பாதிக்கு அடி" என்றேன்.
"என்ன எஸ்தரக்கா, தலைக்கு டையா?"
பானெட்டின் நடுவே டேப் ஒட்டினோம், வகிடெடுத்தாற்போல்.
என் பக்கம் பூச்சு. அந்தப் பக்கம் வெறும் ஷாம்பு.
சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

அது வைகாசி. ஆற்றில் ஆடு மேய்ந்தது.
போர் தண்ணீர்தான்.
பீய்ச்சியதும் என் பக்கம்
சேம்பிலையில் விழுந்ததுபோல்
முத்து முத்தாய்த் திரண்டு உருண்டது.
அந்தப் பக்கம் ஈரவேட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது.
நிஜாம் என்னைப் பார்த்தான்.
நான் பர்ஸைத் தொட்டேன்.

கேட் திறந்துவிட்டது.

திருவாரூர் மண்டபத்து வெயிலில் இறங்கிப் பார்த்தால்
உருளாமல் தங்கிய முத்தெல்லாம்
உப்புப் பொட்டாய்க் காய்ந்திருந்தன,
அம்மை போட்ட முகம். என் பக்கம் மட்டும்.
அந்தப் பக்கமோ ஒரே சீரான மங்கல்,
யாரும் குறை சொல்லாத மங்கல்.
பெண்ணின் சித்தப்பா, கொரடாச்சேரிக்காரர்,
சுற்றிவந்து கேட்டார்:
"என்னம்மா, வண்டிக்குப் பாதி உடம்புல வியாதி?"

ஆனி பாதியில் தண்ணீர் வந்தது.
மூணாறு தலைப்பில் செல்போன் பிடித்தபடி கூட்டம்.
நிஜாம் மட்டும் இரண்டு டிரம்மோடு போனான்.
மொண்டுவந்து படிகாரம் போட்டு
ராத்திரி முழுக்கத் தெளியவிட்டான்.
டீக்கலரில் வந்தது காலையில் கண்ணாடி.
அதை என் வண்டியில் ஊற்றினான், இலவசமாய்.
அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஐந்து வாரம் ஆகியும் என் பக்கம் உருட்டியது,
முன்போல இல்லை, சோம்பலாய்.
காய்ந்தும் ஒரு பொட்டு இல்லை.
காக்கை எச்சம் நகம் பட்டதும் கழன்றது.
அந்தப் பக்கத்து எச்சம்
பெயிண்டில் பல் பதித்துவிட்டிருந்தது.

ஸ்டாண்டில் கேட்கிறார்கள், காசுக்குத் தகுமா என்று.
பாட்டிலில் போட்டிருக்கிறது: ஆறு மாதம்.
ஆறு எத்தனை மாதம் என்று போடவில்லை.

கடைசியில் மூன்று டிரைவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினோம்.
இருமல் மருந்து மூடியால் அளந்து பிரித்தோம்.
அடியில் தங்கிய கொஞ்சத்துக்கு,
மதகுப் பலகை தூக்குகிற நாள் மாதிரி,
நல்ல சண்டை.

பானெட்டின் அந்தப் பாதியை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.
ஏறுகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.
கேட் மூடியிருந்தால் சொல்வேன்.