ஐம்பது ஃபில்ஸ்

கடன் நோட்டில் அவனுக்கென்று பக்கம் கிடையாது.
‘கல்ஃபான், பள்ளிவாசலுக்குப் பின் வீடு’
அதன் கீழே அரிசி, சோப்புத்தூள், தண்ணீர் கேன்.
ஓரத்தில் மட்டும் பென்சிலால்
ஹுமைத், லபன் இரண்டு.
ஹுமைத், ஒமான் சிப்ஸ்.
ஹுமைத், ரீசார்ஜ் கார்டு.
பென்சில் கணக்கை அப்பாவிடம் காட்டாதே என்பான்.
சம்பளம் வந்ததும் அவனே அழிப்பான்,
ரப்பரைக் கேட்டு வாங்கி.

திப்பாவில் என் கடைக்கு யாரும் இறங்கி வருவதில்லை.
ஹாரன் அடிப்பார்கள், ஓடுவேன்.
வெயில் தாரை இளக்கும் ஆகஸ்டிலும்
செருப்பு ஒட்ட ஒட்ட ஓடுவேன்.
அவன் இறங்குவான்.
ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு
அப்படியே நிற்பான்.
கரண்ட் பில் நீயா கட்டுவாய் என்று நான் கத்த
‘யூசுஃப், ஒரு நிமிடம்’ என்பான் உள்ளிருந்து,
குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல்.

சூசை என்றால் யூசுஃப்தான் என்று
பதினோரு வயதில் கண்டுபிடித்தவன் அவன்.
வேம்பாரில் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குப் பிறகு
என் பெயரின் வேரைத் தொட்ட ஒரே ஆள்.

செய்தி வந்த காலை
பேப்பர் கட்டைப் பிரித்த கூட்டாளி அந்தோணி
எழுத்துக்கூட்டிப் படித்தான்:
‘எமனில் நம்மூர்ப் பையன்...’
ஏமன்டா, நாட்டின் பெயர், என்றேன்.
மறுபடி படித்தான்.
மறுபடியும் நெடில் அவன் வாயில் நிற்கவில்லை.
நானும் திருத்தவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள்.
மூன்று நாளும் வண்டிகள் மலையடிவரை நின்றன.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.
குட்டிக் கோப்பையில் காபி, கசப்பு.
கோப்பையை ஆட்டிக்காட்டினால்தான் ஊற்றுவதை நிறுத்துவார்கள் என்பது
பதினாலு வருடமாய்த் தெரிந்த எனக்கு
அன்று கை ஆடவில்லை. ஐந்து குடித்தேன்.

நான்காம் நாள் கல்ஃபான் வந்தார்.
இறங்கி வந்தார்.
‘என் மகன் உனக்கு ஏதாவது தரவேண்டுமா?’
இல்லை பாபா, ஒன்றுமில்லை என்றேன்.
கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
அவர் கோபப்படவில்லை.
‘கடன் இருந்தால் அவன் அங்கே நிற்கவேண்டியிருக்கும், யூசுஃப்.
வெயிலில் நிற்க வைக்காதே.’

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
தமிழில் எழுதியிருந்ததை அவர் படிக்க முடியாது.
ஆனாலும் விரல் ஓரத்துப் பென்சிலில் போய் நின்றது.
லபன் மூன்று. சிப்ஸ் அரை. கார்டு இருபத்தைந்து.
இருபத்தெட்டரை, பாபா.
இருபது, ஐந்து, நாலு காசு என்று எண்ணி வைத்தார்.
பிறகு ரப்பர் கேட்டார்.

பாக்கி ஐம்பது ஃபில்ஸ்.
கல்லாவில் துழாவி எடுத்து வெளியே ஓடினால்
வண்டி வளைவில் திரும்பிவிட்டது.
அடுத்த மாதம் கொடுத்திருக்கலாம்.
அதற்கடுத்த மாதமும் அவர் வந்தார்.
கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்,
அந்தோணி கேட்டுச் சலித்துவிட்டான்.

ரவுண்டானாவில் அவன் படம் வைத்திருந்தார்கள், சீருடையில்.
இந்த ஊர் வெயில் முதலில் சிவப்பைத்தான் தின்னும்.
பின்னால் இருந்த கொடியில் அந்தப் பட்டை போனது,
அவன் உதடு போனது.
கறுப்பு மீசை மட்டும் வெகுநாள் இருந்தது,
முளைக்கத் தொடங்கிய மீசை.

அந்தக் காசு இன்னும் கல்லாவின் தனி அறையில்,
கிழிந்த நோட்டுகளோடு.
அன்று அதற்கு ஒரு சிப்ஸ் வந்திருக்கும்.
இப்போது விலை ஒரு திர்ஹம்.

நேற்று ஹாரன் கேட்டு ஓடினேன்.
அதே வெள்ளை நிசான். கண்ணாடி இறங்கியது.
தம்பிக்காரன், உயரமாகிவிட்டான்.
‘ரஃபீக், லபன் இரண்டு’ என்றான்.
எடுக்கப் போனவன்
ஃபிரிட்ஜைத் திறந்து
சற்று நேரம்
மூடாமல் நின்றேன்.