கடைமடைப் பல்

உரக்கடை மாடியில் என் கிளினிக்.
யூரியா நெடி படியேறி வந்து
கிராம்பு எண்ணெயோடு மல்லுக்கு நிற்கும்.
உத்திராபதி அந்த இரண்டையும் மீறி
மூன்றாவதாக ஒரு வாசனை கொண்டுவந்தார்,
வாய் திறந்ததும்:
பூட்டிய அறைக்குள்
பழுத்துக் கருத்துப்போன வாழைத்தார்.

பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
முள்ளியாற்றில் மூன்று மதகு, எட்டு ஷட்டர்
அவர் பொறுப்பு.
கீழ்த்தாடை, இடது, கடைசிக்கு முந்தையது.
ஆறு நாள் வலி.
மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை
காலையில் இரண்டு, ராத்திரி மூன்று.
“புடுங்கிப் போட்டுடுங்க டாக்டரம்மா,
வெள்ளிக்கெழம எங்களுக்கு மொறத்தண்ணி.”

நாக்கை மேலே தூக்கச் சொன்னேன்.
அடிநாக்கு மஞ்சள்.
விளக்கின் கோளாறாக இருக்கட்டும் என்று
ஜன்னலுக்கு அழைத்துப்போனேன்.
வெயிலிலும் மஞ்சள்.
உள்ளங்கை செக்கச்சிவப்பு.
கண்ணாடிக் கரண்டி பட்ட இடமெல்லாம்
ஈறு, கேட்காமலே, ரத்தம் எடுத்துக் காட்டியது.

குறட்டைத் தட்டில் திரும்ப வைத்தேன்.
கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்டேன்.
சிரித்தார்.
“மஞ்சளா இருந்தா ஒடனே குடியான்னு கேப்பீங்க.
நமக்கு வெத்தலகூடக் கெடையாது.
எங்க அண்ணனும் தொட்டதில்ல,
ரத்தமா வாந்தியெடுத்துப் போனாரு.
ஊரு இன்னமும் சாராயம்னுதான் சொல்லுது.”

மூன்று பரிசோதனை எழுதினேன்.
ரத்தம் உறைய எவ்வளவு நேரம்,
தட்டணுக்கள் எத்தனை,
அண்ணனிடமும் இருந்திருக்கக்கூடிய
அந்தக் காமாலைக் கிருமி உண்டா.
மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள் என்றேன்.
“ஒத்தப் பல்லுக்கு இவ்ளோவா?”
சீட்டை நாலாய் மடித்து
அவர் பைக்குள் வைத்த விதத்திலேயே தெரிந்தது,
அது பிரியப்போவதில்லை.

வியாழன் இரவு ஒன்பதரை.
சகாயமேரி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.
குனிந்து நுழைந்தார், வாயில் துண்டு.
துண்டு முன்பு என்ன நிறமென்று சொல்ல முடியாது.
பட்டுக்கோட்டை ரோட்டில் யாரோ,
நூற்றைம்பது ரூபாய்,
காலை பதினொன்றுக்கு,
பெயர்கூடக் கேட்காமல்.

பஞ்சு. அழுத்தம். இரண்டு தையல்.
உறைமருந்தில் நனைத்த துணி.
மறுபடி அழுத்தம்.
ஆரோக்கியமான ரத்தம்
சில நிமிடத்தில் ஆடை கட்டும்.
இது கட்டவில்லை.
உடைப்பெடுத்துப் பாயவுமில்லை,
அவசரமே இல்லாமல்
கரை முழுக்க ஊறிக் கசியுமே, அது.

வாய் திறக்கக் கூடாது என்றிருந்தேன்.
மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார்,
நீர்மட்டப் பதிவேட்டில் பழகிய,
ஒரு எழுத்தும் சாயாத கை:
அடைக்கிற சாமான் இங்க இல்லையா?
அவர் வலது விலாவின் கீழ்
என் இரண்டு விரலை வைத்தேன்.
இங்கேதான் செய்வது. செய்யவில்லை.
கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.
பிறகு, அதன் கீழேயே:
கல்லணையில ஷட்டர் போனா
கடைமடையில மண்ணு போட்டு என்ன.

நூற்றியெட்டு வர பத்து ஐம்பது.
தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தேன்.
தாடையை அழுத்திப் பிடித்தபடி
சகாயமேரியும் வண்டியில் ஏறிக்கொண்டாள்,
சாப்பிடாமல்.

கழற்றிய கையுறையில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன்.
இடது கட்டைவிரலில்
ஊசிமுனை அளவு ஒரு பீச்சல்.

கல்லூரியில் மூன்று தடுப்பூசி.
முதலிரண்டு நினைவிருக்கிறது, தோள் கனத்தது.
மூன்றாவது போட்ட அன்று
நான் பொங்கலுக்கு ஊரில் இருந்தேனா?
போட்டேன் என்று
எத்தனை படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மேஜையில் நாலாய் மடித்த அதே சீட்டு,
மடிப்பு கலையாமல்.
அதன்மேல் கனமாக ஒரு சாவி,
கிரீஸும் ரத்தமும் ஒட்டி.
எந்த மதகு, யாரிடம் தரவேண்டும்,
எழுதவில்லை.
விடிந்தால் வெள்ளி.

கையைச் சோப்பில் கழுவிக்கொண்டே இருந்தேன்.
பிறகு புதுக் கையுறை போட்டு
சாவியைக் கழுவினேன்.